641 எங்கிருந்து வந்தது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைய பேச்சுக்கு ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: 4294967297. நம் கணக்கில் சொன்னால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

இந்த எண்ணுக்குப் போகும் வழி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வழிதான். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதையைக் கேட்காத பிள்ளை இல்லை. அம்பலப்புழைப் பால்பாயசத்தோடு சேர்த்து அதைச் சொல்வாரும் உண்டு. பலகையின் பாதி, அதாவது 32 கட்டங்கள் நிரம்பும்போது மொத்தம் 4294967295 நெல் ஆகியிருக்கும். 33ஆவது கட்டத்துக்கு மட்டும் 4294967296 நெல் வேண்டும். அதன்மேல் ஒன்றே ஒன்றைக் கூட்டினால் நம் எண். 2-இன் 32ஆம் அடுக்கோடு 1 சேர்ந்தது, 2³²+1.

இது பகா எண்ணா, பகு எண்ணா? தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதாலும் வகுபடாததா, அல்லது இரண்டு சிறிய எண்களின் பெருக்கமா? 1640-இல் எழுந்த இந்தக் கேள்விக்கு 1732-இல்தான் விடை கிடைத்தது. விடை சிறியது: 641-ஆல் வகுபடும். ஆனால் அந்த 641 எங்கிருந்து வந்தது என்பதில்தான் எனக்கு ஈடுபாடு. தேடும் இடத்தைச் சுருக்குவது எப்படி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்ணை நான் அறியேன்.

பியர் தெ பெர்மா துலூஸ் நகர உயர்நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். கணிதம் அவருக்கு ஓய்வுநேரக் காதல். நூல் எழுதி வெளியிடுவதில் நாட்டமில்லாமல் நண்பர்களுக்குக் கடிதங்களாகவே கணிதத்தை எழுதினார். 1640-இல் பிரெனிக்ல் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரிசையைக் குறிப்பிட்டார்: 3, 5, 17, 257, 65537. 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று இரட்டிக்கும் எண்களை வைத்து ஒன்றைக் கூட்டினால் இவை வரும். ஐந்தும் பகா எண்கள். இதே போக்கில் போனால் வருவதெல்லாம் பகா எண்களே என்று தாம் நம்புவதாகவும், நிறுவல் கைவரவில்லை என்றும் எழுதினார். 1654-இல் பாஸ்கலுக்கு எழுதியபோதும் அதே நம்பிக்கை, அதே குறை. வரிசையில் ஆறாவதாக நிற்பது நம் எண். எண்ணிக்கையைப் பூச்சியத்திலிருந்து தொடங்குவது வழக்கம் என்பதால் இதை ஐந்தாம் பெர்மா எண் என்கிறோம்.

நேராக வகுத்துப் பார்க்கக் கூடாதா? கூடும். 65536 வரையுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் போதும். காரணி இருந்தால் அதற்குள் ஒன்றாவது அகப்பட்டே தீரும். ஆனால் அந்தப் பகா எண்கள் 6542. பத்து இலக்க எண்ணை இத்தனை முறை கையால் வகுக்க உட்காருகிறவர், எங்கே நிறுத்தலாம் என்று முன்கூட்டி அறியமாட்டார். 641 பகா எண்களின் வரிசையில் 116ஆவது என்று இன்று நமக்குத் தெரியும். அன்று அவருக்குத் தெரியாது.

1729 டிசம்பரில் மாஸ்கோவிலிருந்து கிறிஸ்தியான் கோல்ட்பாக், புனித பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இளைஞர் லியோனார்டு ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் பின்குறிப்பில், பெர்மா சொன்ன இந்தக் கூற்று தெரியுமா என்று கேட்டார். ஆய்லருக்கு அப்போது வயது 22. முதலில் அவர் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. கோல்ட்பாக் விடவில்லை, மீண்டும் எழுதினார். அடுத்த ஆண்டு ஆய்லர் பெர்மாவின் எழுத்துகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினார். எண் கோட்பாட்டுக்கு ஆய்லரை இழுத்து வந்தது அந்தப் பின்குறிப்புதான் என்றால் மிகையில்லை. 1732-இல் அவர் புனித பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் முன் வைத்த கட்டுரையில் 4294967297 என்பது 641-ஆல் வகுபடும் என்ற செய்தி இருக்கிறது. எப்படிக் கண்டார் என்பது அதில் இல்லை. பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

641 × 6700417 = 4294967297.

6700417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4020250200, 40-ஆல் பெருக்கினால் 268016680, கடைசியில் 6700417. கூட்டிப் பாருங்கள். எப்படிக் கண்டார் என்பதற்கான காரணத்தை ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழித்து இன்னொரு கட்டுரையில் எழுதினார். இன்று நான் சொல்ல வந்ததின் உயிர் அந்தக் காரணத்தில் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

641-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 2-இன் அடுக்குகளை 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதிக்கொண்டு போவோம். 2, 4, 8 என்று 512 வரை தடையில்லை. அடுத்தது 1024, 641 போக மீதி 383. அதை இரட்டித்தால் 766, மீதி 125. பிறகு 250, 500, அடுத்து ஆயிரத்திலிருந்து 641 போக 359, அடுத்து 77, அடுத்து 154. இது 16ஆவது அடுக்கு. 16-இலிருந்து 32-க்கு ஒரே தாவலில் போகலாம்: 154-ஐ 154-ஆல் பெருக்கினால் 23716, அதில் 641-இன் 36 மடங்கு, அதாவது 23076 போக மீதி 640. 2-இன் 32ஆம் அடுக்குக்கு மீதி 640 என்றால், ஒன்றைக் கூட்டியதும் 641, மீதி இல்லை. பத்து இலக்க எண்ணை நாம் தொடவே இல்லை. ஒரு சிறு தாளில் வகுபடுதல் நிறுவப்பட்டுவிட்டது.

இப்போது திருப்பிக் கேட்போம். ஏதோ ஒரு பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகா எண் எப்படிப்பட்டதாக இருக்க முடியும்? 32ஆவது படியில் மீதி, அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவாக வந்தாக வேண்டும், அதாவது −1. இன்னும் 32 படி போனால் −1-ஐ −1-ஆல் பெருக்கியதாகி, 64ஆவது படியில் மீதி 1. ஒன்று வந்துவிட்டால் மீதிகள் தொடக்கத்துக்கே திரும்பி அதே வரிசையில் சுற்றும். 64-க்கு முன்பே ஒரு சுற்று முடிந்திருக்குமா? முடிந்திருந்தால் அந்தச் சுற்றின் நீளம் 64-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். 64-ஐ விடச் சிறியது என்பதால் 32-ஐயும் வகுக்கும். அப்படியானால் 32ஆவது படியிலேயே 1 வந்திருக்க வேண்டும். வந்ததோ −1. எனவே சுற்றின் நீளம் சரியாக 64.

இங்கே பெர்மாவின் தேற்றம் ஒன்று துணைக்கு வருகிறது. எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைந்த படியில் மீதி 1 ஆகியே தீரும். ஆகவே அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 64-இன் மடங்கு வர வேண்டும். நம் எண்ணின் பகா காரணிகள் எல்லாம் 64-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்தவை. வேறு எதுவும் உள்ளே வரவே முடியாது.

65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் ஐந்து: 193, 257, 449, 577, 641. முதல் நான்கும் வகுக்கவில்லை. ஐந்தாவது வகுக்கிறது. 116 வகுத்தல்கள் 5 ஆகிவிட்டன.

பெர்மாவை நினைத்தால் எனக்கு இங்கே மனம் கனக்கிறது. மேலே துணைக்கு வந்த தேற்றத்தை அவர் பிரெனிக்லுக்கு எழுதியதும் அதே 1640-இல்தான். அதே ஆண்டில், 2-இன் 37ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 137438953471 என்ற பெரிய எண்ணுக்கு 223 ஒரு காரணி என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். அதற்கு அவர் பிடித்த வழி இதே போன்ற சல்லடை: காரணி 74-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்ததாக இருக்க வேண்டும், 223 என்பது 74-இன் மூன்று மடங்கோடு ஒன்று. அதே சல்லடையில் நம் எண்ணையும் இட்டிருந்தால் ஐந்தாவது வகுத்தலில் விடை வந்திருக்கும். இதற்காக யாரும் அவரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். நிறுவல் இல்லை என்பதை மறைக்காமல் எழுதியவர் அவர். அந்த நேர்மைதான் கேள்வியை 90 ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது.

641-க்குப் பின்னாளில் ஓர் அழகிய குறுக்குவழியும் கண்டார்கள். 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 128 + 1 என்றும், 625 + 16 என்றும். முதலாவதன்படி 641-ஆல் வகுத்தால் 5 × 2⁷ என்பதன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பதன் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-உம் −2⁴-உம் ஒரே மீதி தருபவை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைத்தால் −2³² என்பதன் மீதி 1. அதாவது 2³²+1 மீதியின்றி வகுபடும். கேட்கும்போதே கைதட்டத் தோன்றும் நிறுவல் இது. ஆனாலும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 641 என்று முன்பே தெரிந்த பிறகுதான் இது உதவும். தேடுபவருக்கு வழி காட்டியது ஆய்லரின் சல்லடைதான்.

அந்தச் சல்லடையை 1878-இல் எதுவார் லூக்கா இன்னும் நெருக்கமாக்கினார். 64-இன் மடங்கு மட்டுமல்ல, 128-இன் மடங்கே வேண்டும் என்று காட்டினார். இத்தகைய பகா எண்களில் 2 என்பது ஏதோ ஒரு வர்க்கத்தின் மீதியாக வரும். 641-இல் அதைக் கண்ணால் பார்க்கலாம்: 67 × 67 = 4489; இது 641-இன் ஏழு மடங்கோடு 2. ஆக, 2-இன் இடத்தில் 67-ஐ வைத்து அடுக்குகளை எழுதினால் சுற்றின் நீளம் 128 ஆகிறது. அதனால் 128. இப்போது வரிசை 129, 257, 385, 513, 641. பகா எண்கள் இரண்டே: 257, 641. ஐந்து வகுத்தல்கள் இரண்டாகிவிட்டன.

257-ஐயும் வகுக்காமலே நீக்கலாம். பெர்மாவின் முதல் ஐந்து எண்களைப் பெருக்கிப் பாருங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. நம் எண்ணில் இரண்டு குறைவு! வரிசையில் எந்த எண்ணை எடுத்தாலும் இதே கதைதான்; அதற்கு முந்தியவை எல்லாவற்றின் பெருக்கமும் அதைவிட இரண்டு குறைவு. ஆகவே 257-ஆல் நம் எண்ணை வகுத்தால் மீதி 2. எந்த இரண்டு பெர்மா எண்களுக்கும் பொதுக் காரணி கிடையாது. கோல்ட்பாக் 1730-இல் ஆய்லருக்கு எழுதிய செய்தி இது. பகா எண்களுக்கு முடிவில்லை என்பதற்கும் இதுவே ஒரு நிறுவல் ஆகிவிடுகிறது: ஒவ்வொரு பெர்மா எண்ணும் மற்றவற்றில் இல்லாத புதிய பகா காரணியைக் கொண்டுவர வேண்டுமே.

257 போய்விட்டால் மிஞ்சுவது யார்? 641. முதல் வகுத்தலே விடை.

எஞ்சிய காரணியான 6700417 பகா எண்தானா என்ற கேள்விக்கும் இதே வழி. அதன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். அதற்குள் 128-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்த பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257 நீங்கியாயிற்று. மற்ற நான்கால் வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622. நான்கே வகுத்தலில் ஏழு இலக்க எண் ஒன்று பகா எண் என்று உறுதியாகிறது. வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள். கால்மணி நேரம் போதும்.

நம் எண்ணின் பக்கத்து வீட்டுக்காரரான 4294967295-ஐ இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1796 மார்ச் 30 அன்று, 19 வயது நிரம்பாத காஸ், 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று கண்டார். யூக்ளிடுக்குப் பின் இரண்டாயிரம் ஆண்டுகள் இந்தத் துறையில் புதிதாக எதுவும் வந்திருக்கவில்லை. 1801-இல் வந்த நூலில் அவர் பொது விதியைத் தந்தார். வான்ட்செல் 1837-இல் அதன் மறுபாதியை நிறுவினார். பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு பெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருக்கும்போது மட்டுமே பலகோணத்தை வரைய முடியும். நமக்குத் தெரிந்த பெர்மா பகா எண்கள் இன்றைக்கும் அந்த ஐந்துதான். அவற்றைக் கொண்டு 31 ஒற்றைப்படைப் பலகோணங்கள் அமையும். அவற்றில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் 65537 பக்கப் பலகோணத்தின் வரைமுறையை எழுதப் பத்தாண்டுகள் செலவிட்டார். அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கனில் இருக்கிறது. 641 குறுக்கே வந்திராவிட்டால் 4294967297 பக்கப் பலகோணமும் வரையத்தக்க கூட்டத்தில் சேர்ந்திருக்கும்.

இதுவரை காரணியைக் கண்டு பகு எண் என்றோம். காரணியே தெரியாமல் பகு எண் என்று சொல்ல முடியுமா? முடியும். மாணவர்கள் முதலில் நம்ப மறுக்கும் இடம் இது. பெர்மாவின் தேற்றத்தையே எடுங்கள். நம் எண் பகா எண்ணாக இருந்தால், 3-இன் 4294967296ஆம் அடுக்கை அதனால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அத்தனை பெரிய அடுக்கா என்று அஞ்ச வேண்டாம். அந்த அடுக்கு 2³² என்பதால் 32 முறை வர்க்கம் எடுத்தால் போதும், ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு. 3, 9, 81, 6561, 43046721. அடுத்த வர்க்கம் 1853020188851841. நம் எண்ணால் வகுக்க மீதி 3793201458. இப்படியே 31ஆவது வர்க்கத்தில் மீதி 10324303. 32ஆவதில் 3029026160. ஒன்று வரவில்லை. ஆகவே இது பகா எண் அல்ல. 641 என்ற பெயரை எங்கும் உச்சரிக்கவில்லை. 1877-இல் பெப்பின் என்ற பாதிரியார் இதைக் கூர்மையாக்கினார்: 31ஆவது வர்க்கத்தில் −1, அதாவது 4294967296, வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். இந்தச் சோதனை இரு பக்கமும் உறுதியாகத் தீர்ப்புச் சொல்லும்.

3-க்குப் பதில் 2-ஐ வைத்தால் என்ன ஆகும்? 2-இன் சுற்று 64 படி. 2³² என்பது 64-இன் மடங்கு. எனவே மீதி 1 வந்துவிடும்! பகு எண்ணாக இருந்தும் நம் எண் 2-இன் சோதனையில் தேறிவிடுகிறது. எல்லா பெர்மா எண்களும் அப்படியே. பெர்மாவை ஏமாற்றியது இதுவாக இருக்கலாம் என்று கருதியவர்களும் உண்டு.

ஆய்லருக்குப் பின் இந்த எண்ணின் வரலாற்றில் ஒரு சிறுவனும் வருகிறான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1804-இல் பிறந்த ஜீரா கோல்பர்ன். மனக்கணக்கில் வல்லவன் என்று அவன் தந்தை அவனை 1812-இல் லண்டனுக்கு அழைத்துவந்து காட்டினார். 4294967297-இன் காரணிகளைக் கேட்டபோது, 641-உம் 6700417-உம் என்று அந்த எட்டு வயதுப் பிள்ளை சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

கணினிக் காலத்தில் நம் எண் ஒரு வேலிக்கு வெளியே நிற்கிறது. 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4294967295. பழைய இணைய முகவரி முறையில் மொத்தமே 4294967296 முகவரிகள்தாம். ஆனால் முந்தைய பெர்மா எண்ணான 65537 உங்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் உழைத்துக்கொண்டிருக்கிறது. 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் வகுத்த மறையீட்டு முறையில் பொதுத் திறவுகோலின் அடுக்காகப் பெரும்பாலும் வைக்கப்படுவது அதுதான். இருமத்தில் எழுதினால் அதில் இரண்டே ஒன்றுகள், இடையில் எல்லாம் பூச்சியம்; 16 வர்க்கமும் ஒரு பெருக்கலும் செய்தால் வேலை முடிந்தது. அந்த முறையின் காவலே, பெரிய எண்ணின் காரணிகளைக் காண்பது கடினம் என்பதுதான். ஒரு மறையீட்டு எண்ணுக்கு 2³²+1 போல வெளித்தெரியும் வடிவம் கிடையாது. அதனால் ஆய்லரின் சல்லடைக்கு அங்கே பிடி கிடைக்காது. பகா எண்ணா என்று தீர்ப்பதோ எளிது. எந்த எண்ணுக்கும் அதை விரைவாக, ஐயமின்றித் தீர்க்கும் வழியை 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் தந்தார்கள். காரணி காண்பதற்கு அப்படி ஒரு வழி இன்னும் இல்லை.

இந்த இடைவெளியை வரிசையில் மேலே போகப் போக அளந்து பார்க்கலாம். ஆறாம் பெர்மா எண்ணை 1880-இல், தம் 82ஆம் வயதில், லாண்ட்ரி பிரித்தார்: 274177 × 67280421310721. ஏழாவது பகு எண் என்று 1905-இல் தெரிந்தது. மோரிசனும் பிரில்ஹார்ட்டும் காரணிகளைக் கண்டது 1970-இல். எட்டாவது பகு எண் என்று 1909-இல் தெரிந்தது. பிரென்ட்டும் போலார்டும் காரணி கண்டது 1980-இல். பதினான்காவது பகு எண் என்பது 1960-களிலேயே தெளிவு. ஒரே ஒரு காரணி கைக்கு வந்தது 2010-இல். முப்பத்துமூன்றாவது எண்ணுக்கு 258 கோடிக்கு மேல் இலக்கங்கள். அது எந்தப் பக்கம் என்பதே தெரியாது.

மாணவர்களிடம் நான் விட்டுச்செல்ல விரும்புவது இருபதாவதை. 315653 இலக்கங்கள் கொண்டது. பெப்பின் சோதனையைக் கணினியில் ஓட்டி அது பகு எண் என்று 1987-இல் தீர்த்தார்கள். அதன் காரணி ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. லூக்காவின் விதி அங்கேயும் செல்லும்: காரணி எதுவானாலும் 4194304-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்ததாக இருக்கும். சோதிக்கும் முறையும் 641-க்குச் செய்ததேதான். 2-ஐ எடுத்து 20 முறை வர்க்கம், ஒவ்வொரு முறையும் மீதி, கடைசியில் −1 வருகிறதா என்று பார்ப்பது.